இரத்தம் கொடுத்தவர்களும் பட்டம் பெற்றவர்களும்: எச்.ஐ.வி. ஆராய்ச்சிக் கல்வி குறித்து

1

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்ற செய்தி ஒரு மாணவியின் ஆய்வேட்டு வேலையிலிருந்து வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பில் இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் பற்றிச் செய்யச் சொன்னார். அமெரிக்காவில் 1981இல் அந்த நோய் பதிவாகியிருந்தது. இங்கே அது 'அவர்கள்' நோய். நம் பண்பாடு, குடும்பம், கற்பு எல்லாம் நமக்குத் தடுப்பூசி போட்டுவிட்டதாக ஆட்சியாளர்களும் பத்திரிகைகளும் நம்பிய காலம். இந்த நம்பிக்கைக்கு நடுவில்தான் முப்பத்திரண்டு வயதில், இரண்டு சிறு குழந்தைகளின் தாயாக இருந்த மாணவி ஒருத்தர் ஊசியையும் கண்ணாடிக் குழாய்களையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.

இலக்கு 200 இரத்த மாதிரிகள். சென்னையிலிருந்த அரசு 'விஜிலன்ஸ் ஹோம்' என்ற காப்பகத்தில், பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்ட பெண்களிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்தார். கையுறை கிடையாது. சீரத்தைப் பிரிக்கத் தற்காலிக ஏற்பாடு ஒன்றைப் பேராசிரியரே செய்தார். பிரித்த சீரம் நிர்மலாவின் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. எலைசா சோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. அமெரிக்காவில் மறுபடி சோதித்து உறுதியானது. மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். பார்வையாளர் மாடத்தில் ஆசிரியரும் மாணவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கதையை இப்போது ஒரு வீரக் கதையாகச் சொல்கிறோம். வீரம் இருக்கத்தான் செய்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'எல்லாம் நெகட்டிவ்னு எழுதி முடிச்சிடு'ன்னு சொன்னவர்கள் இருந்த சூழலில் ஒரு பெண் போய் இரத்தம் எடுத்து வந்தது சாதாரண காரியமா? ஆனால் வீரக் கதையாடல் எப்போதும் ஒன்றைச் செய்யும். முன்னால் நிற்பவரின் மேல் வெளிச்சத்தைக் குவித்து, பின்னால் இருப்பவர்களை இருட்டாக்கும். எனக்கு இங்கே அக்கறை, ஒரு மாணவியை ஆய்வாளராக்கிய அந்தப் பயிற்சியின் மீது. அந்தப் பயிற்சி எதைக் கற்றுக்கொடுத்தது, எதைக் கற்றுக்கொடுக்காமல் விட்டது, விடுபட்டது பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

2

முதலில் தலைப்பைப் பார்ப்போம். 1987 மார்ச்சில் நிர்மலா சமர்ப்பித்த ஆய்வேட்டின் தலைப்பு தமிழில் 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு' என்று வரும். நோயியலில் கண்காணிப்பு ஒரு கலைச்சொல். ஒரு நோய் எங்கே, யாரிடம், எந்த அளவில் இருக்கிறதென்று தொடர்ந்து பார்ப்பது. சரி. ஆனால் சொற்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் வாழ்வதில்லை. இரத்தம் எடுத்த இடத்தின் பெயரும் 'விஜிலன்ஸ்' தான், அதாவது விழித்துக் காவல் இருப்பது. 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தின் கீழ் போலீசும் மாஜிஸ்திரேட்டும் ஏற்கனவே கண்காணித்துக்கொண்டிருந்த உடல்களைத்தான் மருத்துவம் இரண்டாம் முறையாகக் கண்காணிக்கப் போனது. ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைச்சாலை பற்றிய நூலின் பிரெஞ்சுத் தலைப்பில் முதல் சொல்லே கண்காணிப்பதுதான். ஆங்கிலத்துக்குப் போனபோது அது 'ஒழுங்கு' ஆகிவிட்டது. நமக்கு அந்த மொழிபெயர்ப்புச் சிக்கலே இல்லை. போலீஸ் கண்காணிப்பும் சுகாதாரக் கண்காணிப்பும் தமிழில் ஒரே சொல்.

ஏன் காப்பகத்துக்குப் போனார்கள்? சென்னையில் பம்பாய்போல் அடையாளம் காணக்கூடிய 'சிவப்பு விளக்கு' பகுதி இல்லை, தொழில் செய்யும் பெண்களை எங்கே தேடுவது? அரசாங்கம் ஏற்கனவே பிடித்து வைத்திருக்கிறது. ஆய்வுக்கு வசதியான மக்கள் என்பது பெரும்பாலும் வெளியே போக முடியாத மக்கள்தான். பள்ளி, சிறை, ராணுவம், அனாதை இல்லம் என்று மருத்துவ ஆராய்ச்சியின் வரலாறு நெடுக இதைப் பார்க்கலாம்.

2016இல் அளித்த நேர்காணல் ஒன்றில் நிர்மலாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எய்ட்ஸ் சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் படிப்பறிவில்லாத அவர்களுக்குப் புரிந்திருக்காது, ஏதோ பால்வினை நோய்க்கான சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டு கழித்தும் ஒளிக்காமல் சொன்ன நேர்மைக்கு மரியாதை செய்துவிட்டே இந்தக் கூற்றை வாசிக்க வேண்டும். நிர்மலாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. ஒரு துறை தன் மாணவருக்கு மூச்சுக் காற்றுபோல் கொடுத்திருந்த கருத்து அது. 'அவங்களுக்குப் புரியாது.' இந்த ஒரு வாக்கியம் இருந்தால் போதும், ஒப்புதல் என்ற பிரச்சினையே எழாது.

'அந்தக் காலத்தில் ஒப்புதல் பற்றியெல்லாம் யாருக்குத் தெரியும்' என்று சிலர் சொல்லக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனிதர்கள் மீதான ஆய்வின் அறம் பற்றிய கொள்கை அறிக்கையை 1980லேயே வெளியிட்டுவிட்டது. அறிக்கை இருந்தது, பயிற்சியில் அது இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நான் கல்வியின் பிரச்சினை என்கிறேன்.

3

ஆறு மாதிரிகளின் முடிவு பயணம் செய்த பாதையைக் கவனியுங்கள். வேலூரிலிருந்து அமெரிக்காவுக்கு. ஆராய்ச்சிக் கழகத்துக்கு. பிரதமருக்கு. மாநில அமைச்சருக்கு. சட்டமன்றத்துக்கு. பத்திரிகைகளுக்கு. மேலே, இன்னும் மேலே. 1987இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்த கட்டுரையில் ஏழு பேர் பெயர். நிர்மலாவின் பெயர் நான்காவது, சரியாக நடுவில். கட்டுரைத் தலைப்பில் இரத்தம் கொடுத்தவர்களுக்கும் இடமுண்டு, 'விபச்சாரிகள்' என்று. நான் படித்தவற்றில் அந்தப் பெண்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னது உண்டு. அவர்கள் வாயால் சொன்னதாக ஒரு வரி இல்லை. விளிம்புநிலையாளர் பேச முடியுமா என்று காயத்ரி ஸ்பிவாக் கேட்ட கட்டுரை 1988இல் வெளியானது. அதற்கு ஓராண்டு முன்னாலேயே அந்தப் பதில் நம் ஊரில் ஒரு மருத்துவ இதழில் அச்சாகிவிட்டது.

கீழே போன பாதை என்ன ஆயிற்று? எச்.ஐ.வி. இருக்கிறதென்று தெரிந்ததும் அரசு எந்திரம் தனக்குத் தெரிந்த ஒரே மருத்துவத்தைச் செய்தது: பூட்டு. எச்.ஐ.வி. இருப்பதையே காரணம் காட்டிப் பெண்கள் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். 1990இல் பம்பாயிலிருந்து 'மீட்கப்பட்ட' தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் தனி ரயிலில் இங்கே அனுப்பப்பட்டபோது இது பெரிய விவகாரமானது. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்கள் நீதிமன்ற ஆணையால் வெளியே வந்தார்கள்.

கண்காணிப்பு ஆய்வு செய்தவர்கள் யாரும் 'இவர்களை அடைத்து வையுங்கள்' என்று எழுதவில்லை. சுனிதி சாலமன் தன் எஞ்சிய வாழ்நாளை எச்.ஐ.வி. உள்ளோருக்கான சிகிச்சைக்கே கொடுத்தவர். 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். பல மருத்துவமனைகள் கையை விரித்த காலத்தில் அங்கே நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய காரியம். ஆனால் தனிமனிதரின் நல்ல மனது ஒரு துறையின் இலக்கணத்தை மாற்றிவிடாது. இரத்தம் கொடுத்தவர் 'மூலப்பொருள்' என்று பழகிய அறிவைப் போலீசுக்குக் கைமாற்றுவது ரொம்ப எளிது. அந்த அறிவில் ஏற்கனவே போலீசுக்கு ஓர் இடம் இருந்தது.

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். அந்த மாணவி என்ன ஆனார்? ஆய்வேடு முடிந்ததும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசித் தயாரிப்புப் பணிக்குப் போனார், 2010இல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிப்பைச் செய்தவருக்கு எச்.ஐ.வி. ஆய்வாளர் என்ற தொழில்வாழ்க்கை அமையவில்லை. பேராசிரியருக்கு இறப்புக்குப் பின் 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது, தகுதியானதுதான். மாணவியின் பெயர் பரவலாகத் தெரிய 2016இல் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் வந்து கேட்க வேண்டியிருந்தது. சமூகத்துக்கு ஏதோ செய்ய வாய்ப்புக் கிடைத்ததில் மகிழ்ச்சி என்றார் அவர். நம் கல்வி நிறுவனங்களில் மாணவரின் உழைப்பும் ஒருவகை மாதிரிதான். எடுத்துக்கொண்ட பிறகு குழாயின் மேல் வேறு பெயர் ஒட்டப்படும். அளவில் ஒப்பிட முடியாத இரண்டு மறைவுகள் இவை. ஆனாலும் இரண்டையும் செய்தது ஒரே படிநிலை.

4

இனி நம் காலத்துக்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரி வாசலில் ஓடும் சாலையைப் பெரியார் பெயரிட்ட பிறகும் சனங்கள் பூந்தமல்லி ஹைரோடு என்றுதான் சொல்கிறார்கள். மேற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் வந்தால் நான் இருக்கும் பூந்தமல்லி. சுகாதாரத் துறை ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் அரசின் பொது சுகாதார நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. வழி நெடுக, மதுரவாயல், வேலப்பன்சாவடி என்று தனியார் கல்லூரிகள். நுண்ணுயிரியல், மருந்தியல், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் காலை பஸ்களில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். இவர்களில் சிலர்தான் நாளைக்குக் களப்பணியாளர், ஆய்வக டெக்னீசியன், ஆற்றுநர், ஆய்வு மாணவர் என்று எச்.ஐ.வி. துறைக்குள் நுழைகிறார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் இந்தப் பிள்ளைகள் சிலசமயம் என்னிடம் வருவார்கள், ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்க. எங்கள் தெருவில் ஒரு பெண், தனியார் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்கிறவள், அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். யாரோ ஏற்கனவே செய்த மொழிபெயர்ப்பு, பிழை மட்டும் திருத்த வேண்டும். படித்துப் பார்த்தேன். 'இந்த ஆய்வின் நோக்கம் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது. என்னிடமிருந்து 10 மி.லி. இரத்தம் எடுக்கப்படும். என் விவரங்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்படும். நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன். எந்த நிர்ப்பந்தமும் இன்றிக் கையொப்பமிடுகிறேன்.'

எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனால் வினைமுற்றுகளைப் பாருங்கள். இரத்தம் கொடுப்பவரின் வினைகள் எல்லாம் தன்மை ஒருமைச் செய்வினை: சம்மதிக்கிறேன், கையொப்பமிடுகிறேன். ஆய்வாளரின் வினைகள் எல்லாம் செயப்பாட்டு வினை: விளக்கப்பட்டது, எடுக்கப்படும், பாதுகாக்கப்படும். யாரால்? எழுவாய் கிடையாது. பொறுப்பு முழுக்க 'நான்' என்பவர் தலையில். அந்த 'நான்' இந்தத் தாளை எழுதவில்லை, பல நேரம் படிக்கவும் இல்லை. எழுதியவரோ தாளில் எங்கேயும் இல்லை. பேச்சுத் தமிழில் இப்படி யாராவது பேசுகிறோமா? 'குழம்பு வைக்கப்பட்டது'ன்னு எந்த வீட்டில் சொல்கிறார்கள்? செயப்பாட்டு வினை தமிழில் அலுவலகத்தின் வழியாகத் தடித்துப்போன உறுப்பு. செய்தவன் முகத்தை மறைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அது முளைக்கும்.

நான் திருப்பி எழுதினேன். 'என் பெயர் இன்னது. நான் இந்த ஆய்வைச் செய்கிறேன். இதன் நோக்கத்தை உங்களுக்கு நான் விளக்கினேன். உங்களிடமிருந்து 10 மி.லி. இரத்தம் எடுப்பேன். உங்கள் விவரத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன். முடிவை நானே வந்து உங்களுக்குச் சொல்வேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் உங்கள் சிகிச்சை எதுவும் நிற்காது.' கீழே ஆய்வாளரின் கையெழுத்து முதலில், கொடுப்பவரின் கையெழுத்து பிறகு.

அந்தப் பெண் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அண்ணா, இப்படி எழுதினா கமிட்டி ஒத்துக்க மாட்டாங்க. ஃபார்மேட்னு ஒண்ணு இருக்கு' என்றாள். 'அது சரிம்மா, முடிவை நீ போய்ச் சொல்வியா?' என்றேன். 'ரிப்போர்ட் சாருக்குப் போகும். அவங்களுக்கு யார் சொல்வாங்கன்னு தெரியல அண்ணா. அத எங்களுக்குச் சொல்லித் தரல.'

பிசிஆர் எந்திரம் ஓட்டச் சொல்லித் தருகிறார்கள். புள்ளியியல் மென்பொருள் சொல்லித் தருகிறார்கள். நிர்மலாவுக்குக் கிடைக்காத கையுறையும் பாதுகாப்புப் பேழையும் இன்று கிடைக்கின்றன. நல்லது. ஆனால் அவருக்குச் சொல்லித் தராத பாடம் இவளுக்கும் சொல்லித் தரப்படவில்லை.

5

'அவங்களுக்குப் புரியாது' என்ற வாக்கியத்தை வரலாறு பொய்யாக்கிவிட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1983இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள், 'எங்களைப் பலியானோர் என்று அழைக்காதீர்கள், முடிவெடுக்கும் இடங்களில் எங்களை உட்காரவையுங்கள்' என்ற பொருளில் கொள்கைகளை வகுத்தார்கள். 1987இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஆக்ட் அப்' இயக்கத்தினர் வைரசியலைத் தாங்களே படித்தார்கள். மருந்துச் சோதனையில் யாரைச் சேர்ப்பது, எப்படி அளப்பது என்று விஞ்ஞானிகளோடு மல்லுக்கட்டினார்கள். அங்கே ஆய்வாளருக்குப் பயிற்சி கொடுத்ததில் நோயாளிக்கும் பங்கு உண்டு.

அது வெள்ளைக்காரப் படித்தவர் கதை என்று ஒதுக்க வேண்டாம். சென்னையில் 1997இல் இந்திய அளவிலான எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பும் 1998இல் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பும் உருவாயின. தாம்பரம் மருத்துவமனையில் 2004இல் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய பின், வரிசையில் நின்ற பெண்கள் பலர் பள்ளிக்கூட வாசலைச் சரியாகப் பார்க்காதவர்கள். 'உனக்கு சிடிஃபோர் எவ்ளோக்கா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள அவர்களுக்குச் சில மாதம் போதுமானதாக இருந்தது. ஸ்டாவுடின் என்ற மாத்திரை கன்னத்துச் சதையைக் கரைப்பதை, முகம் ஒட்டிப்போவதால் ஊரே கண்டுபிடித்துவிடுவதைக் கண்ணாடியில் அன்றாடம் பார்த்தவர்கள் அவர்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது 2009இல். புரியாதவர்கள் யார் இங்கே? 1986இல் எதிர்ப்பொருள் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மருத்துவத் துறைக்குத் தெரியவில்லை. தன் மொழிக் குறையை அது கேட்பவரின் அறிவுக் குறையாக எழுதிக்கொண்டது.

சட்டமும் இப்போது மாறிவிட்டது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், அறிந்து கொடுத்த ஒப்புதல் இல்லாமல் சோதனையோ ஆய்வோ கூடாதென்கிறது. ஆனால் சட்டத்தை நடைமுறையாக்கும் கை யாருடையது? ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியருடையது. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய இடத்தில் ஆற்றுநரும் டெக்னீசியனும் ஒப்பந்தக்காரர்கள். தன் அடுத்த ஆண்டு வேலை மேல் நம்பிக்கை இல்லாதவர்தான் அங்கே மற்றவருக்கு நம்பிக்கை தருகிறார்.

ஆராய்ச்சியிலும் இதே நிலை. அமெரிக்க அரசின் ஃபோகார்ட்டி மையம் 1988இல் தொடங்கிய எய்ட்ஸ் பன்னாட்டுப் பயிற்சித் திட்டத்தில், பிரவுன் போன்ற பல்கலைக்கழகங்கள் வழியாகச் சென்னையிலிருந்து பலர் பயிற்சி பெற்றார்கள். நல்ல ஆய்வாளர்கள் உருவானார்கள். இதை 'ஏகாதிபத்தியச் சதி' என்று ஒரே வரியில் முடித்துவிடும் சோம்பேறித்தனம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2025இல் என்ன நடந்தது? ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. மே மாதம் அந்நாட்டுத் தேசிய உடல்நல நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான புதிய துணை மானியங்களை நிறுத்துவதாக அறிவித்தன. கேள்வியை அங்கே உருவாக்கி, மாதிரியை இங்கே எடுத்து, மானியத்தை அங்கிருந்து எதிர்பார்க்கும் வாழ்க்கைக்கு ஒரு கையெழுத்து போதும். நோய் இங்கேயே இருக்கும். ஆய்வாளருக்கு வேலை இருக்காது. 'தொழில்வாழ்க்கைக்குத் தயாரிப்பது' என்று பேசுகிறவர்கள் யாருடைய பட்ஜெட்டை நம்பித் தயாரிக்கிறோம் என்பதையும் மாணவரிடம் சொல்ல வேண்டாமா?

6

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை, மூன்று காரியங்கள். ஒன்று, எச்.ஐ.வி. ஆய்வுக்கு வரும் மாணவர் முதல் பருவத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு ஒன்றில் உட்கார்ந்து, அவர்களையே ஆசிரியராகக் கொண்டு படிக்கட்டும். அதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும், பிஸ்கட்டும் டீயும் போதாது. இரண்டு, இரத்தம் எடுத்தவர் முடிவைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்லாத ஆய்வேடு முடியாத ஆய்வேடு என்று கருதப்படட்டும். மூன்றாவது நமக்கானது. ஒவ்வொரு அறநெறிக் குழுவிலும் மருத்துவர் அல்லாத 'சாதாரண நபர்' ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அந்த நாற்காலி நிர்வாகத்துக்கு வேண்டப்பட்டவருக்கே போகிறது. எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் அதைக் கேட்டு வாங்கி உட்காரலாம். உடலரசியல் பற்றி இருபது பக்கம் எழுதுவதைவிட, 'விளக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லை 'விளக்கினேன்' என்று மாற்றவைப்பது கஷ்டமான வேலை என்று அங்கே போனால் தெரியும்.

1986இல் ஆறு பெண்களின் இரத்தம் மஞ்சளாக மாறியது என்று சட்டமன்றத்துக்குத் தெரிந்தது. அந்தப் பெண்களிடம் போய், எதிரில் உட்கார்ந்து, 'நான்தான் எடுத்தேன், உங்களுக்கு இது இருக்கிறது' என்று ஆரம்பித்திருக்க வேண்டிய வாக்கியத்துக்குத் தமிழில் சொற்கள் அன்றும் இருந்தன. அதைச் சொல்லப் பழகிய மாணவரைத்தான் நான் ஆய்வாளர் என்பேன்.